தண்ணீர் லாரி மகாராஜா பேசினார்

ஜூலை 3, புதன்

இன்று என்னைத் தேடி வரலாறு பெரம்பூருக்கு ஆட்டோவில் வந்தது. இறங்கியதும் ஆட்டோக்காரரோடு சண்டை போட்டது. சண்டையின் உச்சரிப்பை வைத்தே அது சேதுமாதவன் என்று மாடியிலிருந்து கண்டுபிடித்துவிட்டேன். இந்தப் பூமண்டலத்தில் 'அநியாயம்' என்ற சொல்லை நாபியிலிருந்து எழுப்புகிறவன் அவன் ஒருவன்தான்.

வருடக்கணக்காக இந்தப் பக்கம் தலைகாட்டாதவன். இப்போது வெள்ளைத் தாடி, கதர் ஜிப்பா, மூன்று கண்டங்களில் வாங்கிய விருது. அவனும் நானும் ரெஜினாவும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் 'மொட்டைமாடி நாடகக் குழு'. சென்னை மாநகரின் சுதந்திர நாடகம் எங்களிடமிருந்துதான் தொடங்குகிறது. எங்களுக்கு முன்னாலேயே இருந்த நாலைந்து குழுக்காரர்கள் இதை மறுப்பார்கள். அவர்கள் கிடக்கட்டும்.

"தாண்டவம், ஆகஸ்ட்ல விழா எடுக்கறோம். சென்னையில நவீன நாடகம் வந்த கதை. கண்காட்சி, புத்தகம் எல்லாம் உண்டு. நம்ம 'தண்ணீர் லாரி மகாராஜா'வ மறுபடி போடறேன்."

"மகாராஜா யாரு?"

"உன்னை விட்டா யாருடா?"

காபி கொண்டுவந்த இந்துமதி, "சித்தப்பாவுக்கு இப்ப முடியுமா சார்?" என்று கேட்டாள். இவள் என் அண்ணன் மகள். என்னைப் பார்த்துக்கொள்வதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உண்மையில் இந்த வீட்டுக்குக் காவல் நான்தான்.

"முடியணும்மா. வசனம் இவன்கிட்டதான் இருக்கு. இருந்த ஒரே ஸ்கிரிப்டும் அப்பவே போலீஸுக்குப் போச்சு, திரும்பலை. மத்ததெல்லாம் நாங்க ஞாபகத்துல எழுதிட்டோம். மகாராஜாவோட பேச்சு மட்டும் இவனைத் தவிர யாருக்கும் தெரியாது."

ஆக, அவன் தேடி வந்தது என்னை அல்ல, என் வாயை. ஆனாலும் சம்மதித்தேன். மகாராஜாக்கள் பெருந்தன்மையானவர்கள்.

ஜூலை 7, ஞாயிறு

காபிப்பொடி வாங்கினேன். முடி வெட்டிக்கொண்டேன். சலூனில் இரண்டு மணி நேரம் சொற்பொழிவாற்றியதன் சுருக்கத்தை வருங்காலச் சந்ததிக்காக இங்கே வைக்கிறேன்.

அந்தக் காலத்தில் சபா நாடகங்களில் மேடை நடுவே ஒரு சோபா செட் இருக்கும். மொத்தக் கதையும் அதில் உட்கார்ந்தே நடக்கும். எங்களிடம் சோபா இல்லை. ஆகவே சோபாவை எதிர்ப்பதைக் கொள்கையாக்கினோம். திரை இல்லை, அதுவும் கொள்கை. பக்கவாட்டில் ஒளிந்து நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் ஆள் வைப்பது சபாக்காரர்களின் கேவலமான பழக்கம் என்று தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தவன் அடியேன்.

ஒத்திகை திருவல்லிக்கேணியில் ஒரு பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில். பார்வையாளர்கள் லட்சோபலட்சம். ரெஜினாவைக் கேட்டால் முப்பது என்பாள். அதில் முக்கால்வாசிப் பேர் மற்ற நாடகக் குழுக்காரர்கள், இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள், ஒருவர் மப்டியில் வந்த போலீஸ். நாடகம் ஒரு மணி நேரம் என்றால், அது முடிந்தபின் வட்டமாக உட்கார்ந்து அதைக் கிழிக்கும் கலந்துரையாடல் மூன்று மணி நேரம். நவீன நாடகத்தில் உயிர் போனாலும் போகும், கலந்துரையாடல் போகாது.

எண்பத்து மூன்றில் ஊரில் தண்ணீர் இல்லை. அப்போதுதான் 'தண்ணீர் லாரி மகாராஜா'. அரசன் ஒருவன் தண்ணீர் லாரியின்மேல் நின்று, குடங்களோடு காத்திருக்கும் ஜனங்களுக்கு ஒரு பேருரை ஆற்றுவான். அனுமதிக்காகப் போலீஸுக்குக் கொடுத்தோம். பேருரை முழுவதையும் சிவப்புப் பென்சிலால் அடித்து, அதைப் பேசாமல் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். நான் பேசினேன். ஒரு எழுத்து விடாமல் பேசினேன். முந்நூறு போலீஸ்காரர்கள் மேடையேறி என்னைத் தூக்கிப் போனார்கள் (ரெஜினா இரண்டு என்பாள்). அந்த ஸ்டேஷனில் ஒரு கடைவாய்ப் பல்லும், டெலிபோன் இலாகாவில் ஒரு பதவி உயர்வும் போயின. பேச்சு மட்டும் போகவில்லை.

அந்தப் பேச்சை இந்த டைரியில்கூட எழுதமாட்டேன். மனிதன் முன்னால் மனிதன் நின்று பேசுவதுதான் நாடகம். காகிதத்தில் வைத்தால் அது பிரேதம்.

ஜூலை 11, வியாழன்

வீட்டில் காபிப்பொடியே இல்லை. இந்தக் காலத்துப் பெண்களின் குடும்ப நிர்வாகம்! வாங்கி வந்தேன்.

ஆழ்வார்பேட்டையில் ஒத்திகை. சுவரெல்லாம் கருப்பு அடித்த ஒரு பெட்டி. ஏசி உண்டு. எங்கள் மொட்டைமாடியில் காக்காய் உண்டு. ரெஜினா வந்திருந்தாள். ராயபுரத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராயிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள், ஆனால் என்னைப் பார்த்தால் மட்டும் வகுப்பெடுப்பாள். அன்று போலவே இன்றும் குடத்துக்காரி வேஷம்.

"இன்னா தாண்டவம், பல்லு செட்டா? டயலாக் பேசறப்ப வெளிய வந்து விழாதே?"

"விழுந்தா பிரசாதம்னு எடுத்துக்கோ."

லாரிக்குப் பதிலாக அடுக்கியிருந்த டிரம்கள்மேல் ஏறி நின்று பேசினேன். நடுவில் ஓரிடத்தில் எண்பத்து மூன்றில் பேசியதைவிட மேம்படுத்திப் பேசினேன். முடித்ததும் கருப்புச் சட்டை இளைஞர் கூட்டம் கைதட்டியது. ஒருத்தி, "ஐயா, போன்ல பதிவு பண்ணிக்கலாமா?" என்றாள். ஒத்திகையில் போன் தொடக்கூடாது என்பது சேதுவின் சட்டம். அவன் சட்டத்தைத் தளர்த்தத் தயாராக இருந்தான். நான் தளர்த்தவில்லை.

ரெஜினா படியிறங்கும்போது, "அந்த நடுப்பகுதிய ரெண்டு வாட்டி சொன்னியே, எதுக்கு?" என்றாள். அதுதான் மேம்பாடு. கணக்கு டீச்சருக்கு எங்கே விளங்கும்.

ஜூலை 13, சனி

இந்துமதி என்னைக் கூப்பிட்டு அலமாரியைத் திறந்து காட்டினாள். உள்ளே காபிப்பொடிப் பாக்கெட்டுகள், அடுக்கடுக்காக. போர் வந்தால் இந்தத் தெருவே என்னைக் கையெடுத்துக் கும்பிடும் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

இந்துமதி தன் முதுகுவலிக்கு டாக்டரைப் பார்க்கவேண்டும், துணைக்கு வாங்க சித்தப்பா என்றாள். போனால் அந்த ஆள் இவள் முதுகைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்க்கிறார். சின்னப் பையன், நேற்றுத்தான் மீசை முளைத்திருக்கும்.

"மூணு வார்த்தை சொல்றேன் சார். ஞாபகம் வெச்சிக்கோங்க. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்பேன்."

பிறகு கடிகாரம் ஒன்றை வரையச் சொன்னார். வரைந்தேன். எண்களெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டன. அது நவீன ஓவியம். பிறகு அந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டார். "தம்பி, நான் எட்டு நிமிஷ வசனத்தை ஒரே மூச்சில் பேசியவன். மூன்று வார்த்தை வேஷத்துக்கெல்லாம் வருவதில்லை" என்று மறுத்துவிட்டேன். கம்பீரமான மறுப்பு. டாக்டரே பேச்சிழந்து கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார்.

வரும்போது ஆட்டோவில் இந்துமதி அழுதாள். முதுகுவலி கடுமை போலும்.

ஜூலை 21, ஞாயிறு

ஒத்திகைக்குப் போகவில்லை. பஸ் என்னைத் திருவல்லிக்கேணியில் இறக்கிவிட்டது. எந்தத் தகவலும் சொல்லாமல் பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். வாட்ச்மேனிடம் மொட்டைமாடிச் சாவியைக் கேட்டேன். "யார் வீட்டுக்கு சார் வந்திருக்கீங்க?" என்றான். "எல்லாரும் மேலே ஒத்திகையில் இருக்கிறார்கள்" என்றேன். மரியாதை தெரிந்தவன், நாற்காலி போட்டு, என் சட்டைப்பையிலிருந்த சீட்டைப் பார்த்து இந்துமதிக்குப் போன் செய்தான். அந்தச் சீட்டை யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

பாத்திரம் துலக்கிக்கொண்டே பேச்சு முழுவதையும் சொன்னேன். தங்குதடையில்லை, மழை மாதிரி வந்தது. முடித்துவிட்டு இந்துமதிக்கும் காட்டவேண்டும் என்று கூப்பிட்டு ஆரம்பித்தால், "இப்பதானே சித்தப்பா, என்னை நிக்கவெச்சு முழுசா சொன்னீங்க" என்கிறாள். ஒரு தடவை கேட்டதிலேயே இரண்டு தடவை கேட்ட நிறைவு. கலைஞனுக்கு வேறென்ன வேண்டும்.

ஆகஸ்ட் 3, சனி

நேற்று முதல் காட்சி. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

டிரம்கள்மேல் ஏறினேன். கிரீடம் சரியாக இருந்தது. ஒளி முகத்தில் விழுந்தது. ஜனங்கள் குடங்களோடு அண்ணாந்து நின்றார்கள். வாயைத் திறந்தேன். அந்தக் கணத்தில், ஒரு மேதைக்கே உரிய முறையில், பேசாமல் இருக்க முடிவு செய்தேன்.

ஒரு யுகம் போயிற்று. ஏசியின் உறுமல் கேட்டது. கீழே ரெஜினா குடத்தை இறக்கி வைத்தாள். தூக்கினாள். மறுபடி இறக்கினாள். ஸ்கிரிப்டில் இல்லாத வேலை. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "மகாராஜா ஒண்ணும் சொல்லமாட்டாரு. தூக்குங்க, போலாம்" என்றாள். எல்லோரும் போனார்கள். நான் மட்டும் மேலே நின்றேன். விளக்கு அணைந்தது.

கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல். வங்காள விரிகுடா நான்கடி பின்வாங்கியிருக்கும்.

கலந்துரையாடலில் குடுமி வைத்த பேராசிரியர் ஒருவர் எழுந்தார். "தோழர், அதிகாரம் பேசாது என்பதை உங்கள் மௌனம் போல யாரும் சொன்னதில்லை. அந்த மௌனம் எதைக் குறிக்கிறது?"

"தண்ணீரை" என்றேன்.

முன்வரிசை முழுக்கக் குறிப்பெடுத்துக்கொண்டது.

ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். அவளுக்குத்தான் துணை வேண்டியிருந்தது. எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

சேது வந்தான். பத்திரிகையில் வந்ததை வாசித்துக் காட்டினான். 'நூற்றாண்டின் மௌனம்' என்று தலைப்பு.

"டேய், அதையே வெச்சிக்கலாம். வர்ற ஞாயித்துக்கிழமை கடைசிக் காட்சி. பேச்சு வேண்டாம்."

"பேச்சு இருக்குடா. பல்லைக் குடுத்துக் காப்பாத்தின பேச்சு."

"இருக்கட்டும். இதுதான் இன்னிக்கு வேலை செய்யுது. நீ ஏறு, நில்லு, இறங்கு. அவ்வளவுதான்."

எண்பத்து மூன்றில் சிவப்புப் பென்சிலோடு வந்தார்கள். அவர்களோடு மல்லுக்கட்டலாம். இவன் மாலையோடு வந்து வெட்டுகிறான், இவனை என்ன செய்வது? மகாராஜா என்று வேஷத்துக்கு அழைத்துக் கடைசியில் என்னைக் கொலு பொம்மை ஆக்கிவிட்டான்.

ஆகஸ்ட் 7, புதன்

கண்காட்சிக்குப் போனேன், ரெஜினாவோடு. சென்னை நவீன நாடகத்தின் வரலாறு, பலகை பலகையாக. எங்கள் பலகையில் பசை இன்னும் காயவில்லை. தொட்டேன், விரலில் ஒட்டியது.

'1983: மகாராஜாவின் உரையைக் காவல்துறை நீக்கியது. குழு அந்த உரைக்குப் பதிலாக மௌனத்தைத் தேர்ந்தெடுத்தது. இந்நகர மேடையின் முதல் மௌன எதிர்ப்பு.'

கீழே என் படம். வாயைக் குகை மாதிரி பிளந்து, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, பேசிக்கொண்டிருக்கிறேன். பக்கத்திலேயே குடுமிப் பேராசிரியர் நான்கு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: "சத்தமில்லாத அலறலை எப்படிப் பிடித்திருக்கிறார் பாருங்கள்."

ரெஜினா பொங்கிவிட்டாள். சேதுவைத் தேடிப்பிடித்தாள்.

"யோவ் சேது, அன்னிக்கி நான் பக்கத்துல இருந்தேன். இவன் பேசினான்யா. இவனை இழுத்துனு போறப்பகூடப் பேசினே போனான். எதுக்குப் பொய் எழுதற?"

சேது கத்தவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். மெதுவாகச் சொன்னான். "பேசினான்னு எழுதினா, என்ன பேசினான்னு அடுத்த வரியில எழுதணும் ரெஜி. புத்தகம் திங்கட்கிழமைதான் அச்சுக்குப் போகுது. தாண்டவம், நீ சொல்லு. இங்கயே சொல்லு. பலகையக் கழட்டிட்டு வேற எழுதறேன்."

முதலில் டீ சொல்லுடா என்றேன். டீ வந்தது. ஊதி ஊதிக் குடித்தேன். இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட சூழலில் எந்தக் கலைஞனும் பேசமாட்டான். கிளம்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ரெஜினா வீட்டுக்கே வந்தாள். இந்துமதியும் அவளும் சமையலறையில் குசுகுசுவென்று பேசிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். வெங்காயம்.

"மறந்துபோச்சின்னு ஒரு வார்த்தை சொல்லேன்யா. இன்னா இப்போ? எனக்கு முட்டி போச்சு, உனக்கு இது."

"நான் நிறுத்தினேன் ரெஜி. மறக்கலை."

"சரி, நீதான் நிறுத்தின. ஞாயித்துக்கிழமை நிறுத்தாத. சேதுவ நான் பாத்துக்கறேன். பேசிடு. அத்தினி பேரு முன்னால நீ பேசிட்டா அப்புறம் எந்தப் பலகை இன்னா சொன்னா இன்னா?" குரலைத் தாழ்த்தினாள். "மொத ரெண்டு வரி எனக்கு நல்லா ஞாபகம் கீது. நான் குடத்துக்குள்ள வாய வெச்சி எடுத்துக் குடுக்கறேன். உனக்கு மட்டும் கேக்கும்."

பக்கவாட்டு ஆள்! சபாக்காரர்களின் கேவலமான பழக்கம்! நான் முன்மொழிந்த தீர்மானம்! என் மூதாதையர் சமாதியில் புரண்டிருப்பார்கள்.

சரி என்றேன்.

ஆகஸ்ட் 10, சனி

காலையிலிருந்து ஏழு தடவை சொல்லிப் பார்த்தேன். ஆறு தடவை வந்தது. ஏழாவது தடவை இந்துமதி குறுக்கே வந்து சாப்பிடக் கூப்பிட்டுக் கெடுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

நேற்று கடைசிக் காட்சி. அரங்கு நிரம்பி, படிகளிலும் உட்கார்ந்திருந்தார்கள். இந்துமதி மூன்றாம் வரிசையில்.

ஏறினேன். ஒளி விழுந்தது. கீழே ரெஜினா குடத்தை முகத்துக்கு நேரே தூக்கினாள். குடத்துக்குள்ளிருந்து அவள் குரல் ஆழ்கிணற்றிலிருந்து வருவதுபோல வந்தது. துல்லியமாகக் கேட்டது. கேட்டதை வாங்கி, நாபியிலிருந்து எழுப்பி, கூரை அதிரச் சொன்னேன்:

"குடிமக்களே!"

மேடையோரம் நின்ற சேதுவின் முகம் வெளிறியது. அரங்கம் நிமிர்ந்தது. ரெஜினா அடுத்த வார்த்தையைத் தந்தாள். மறுபடி தந்தாள். குடத்தை இறக்கிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படியே, "உங்கள் தாகத்தை... உங்கள் தாகத்தை..." என்றாள். அவள் யாருடைய தாகத்தைச் சொல்கிறாள் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். மேலிருந்து பார்க்கையில் குடங்கள் மிகவும் அழகாக இருந்தன. பச்சை, நீலம், ஆரஞ்சு.

அப்புறம் விளக்கை அணைத்துவிட்டார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவர் விசிலடித்தார். சேது ஓடிவந்து கட்டிக்கொண்டான். "ஒரே ஒரு வார்த்தை! அதுக்கப்புறம் மௌனம்! எங்கடா பிடிச்ச இதை?" அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

கலந்துரையாடலில் ரெஜினாவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். இதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் வரலாற்றுக்கு எல்லாம் வேண்டும்.

"இதுல ஒரு கலையும் இல்ல" என்றாள். "அவனுக்கு மறந்துபோச்சு. எண்பத்து மூணுல அடிச்சி நிறுத்தப் பாத்தாங்கோ, நிறுத்தல. இப்ப அதுவா நின்னுபோச்சு. நின்னுபோனதுக்குக் கைதட்டினு கீறீங்கோ."

குடுமிப் பேராசிரியர்தான் முதலில் கைதட்டினார். மொத்த அரங்கும் தட்டியது. "குடத்துக்காரி பாத்திரத்தை விட்டு வெளியே வரவேயில்லை, கவனித்தீர்களா?" என்று பின்வரிசையில் யாரோ சொன்னது மேடைவரை கேட்டது.

ரெஜினா மைக்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பொறாமை. வேறென்ன இருக்கமுடியும்? மூன்றாம் வரிசையில் ஒரே ஒரு பெண் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தாள். முகம் தெரிந்த முகமாக இருந்தது. அவள்தான் என்னை வீட்டுக்கு அழைத்துவந்தாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டதாம். சேது போன் செய்தான். 'மௌன மகாராஜா' என்று எனக்கே தனி அத்தியாயம். வாழ்த்துகள் என்றான்.

இந்துமதி ஆபீஸுக்கு லீவு போட்டிருக்கிறாள். இனிமேல் நீண்ட லீவாம். நல்லது, குடும்ப நிர்வாகத்தைக் கற்றுக்கொள்ளட்டும்.

மேடையை இனி நம்பிப் பிரயோஜனமில்லை. என் கொள்கையை இன்று ஒரு நாள் தளர்த்துகிறேன். மகாராஜா பேசினார் என்பதற்கு உலகத்துக்கு அத்தாட்சி வேண்டும். எட்டு நிமிடப் பேச்சையும், ஒரு எழுத்து விடாமல், இதோ இங்கே எழுதிவைக்கிறேன்.

குடிமக்களே! உங்கள் தாகத்தை நான் அறிவேன். அதற்கு வரி விதித்தவனே நான்தான்.

பேனாவில் மை தீர்ந்துவிட்டது.

சுத்தமாகத் தீர்ந்துவிட்டது, ஒரு சொட்டுக்கூட இல்லை. கடைக்குப் போய் வேறொன்று வாங்கி வாம்மா என்றால், இந்துமதி பக்கத்தில் நின்று நோட்டையே பார்க்கிறாள். "எழுதுதே சித்தப்பா" என்கிறாள். அவளுக்குப் பேனாவைப் பற்றி என்ன தெரியும்.